ஆர்.கே.நகர் 2017: வாக்காளர் எதை எண்ணிப் பார்த்தார், எதை விட்டார்

ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் என்று பேச்செடுத்தாலே, பணம் ஜெயித்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி எனக்குப் போதவில்லை. பணம் கொடுத்ததாகப் புகார் எழுந்தது ஒரு தரப்பின் மீது மட்டும் இல்லை. பல பக்கத்திலிருந்தும் பணம் வந்தது என்றே வைத்துக்கொண்டால், ஒருவர் ஏன் 40,000 வாக்கு முன்னால் போனார், இன்னொருவர் ஏன் டெபாசிட் இழந்தார் என்பதைப் பணத்தை மட்டும் காட்டி விளக்க முடியாது. அங்கே வாக்காளர் யோசித்திருக்கிறார். எதை யோசித்தார், எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்தினார் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ஆம் தேதி மறைந்தார். அவர் வென்றிருந்த ஆர்.கே.நகர் காலியானது. இடைத்தேர்தல் 2017 ஏப்ரல் 12 என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, மார்ச் மாதம் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி இருந்த சசிகலா அணியின் வேட்பாளர் டி.டி.வி. தினகரன், தொப்பிச் சின்னத்தில். ஓ. பன்னீர்செல்வம் அணியின் வேட்பாளர் மதுசூதனன், இரட்டை மின்கம்பத்தில். தி.மு.க. சார்பில் மருது கணேஷ்.

ஏப்ரல் 7-ஆம் தேதி அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கருடைய வீட்டிலும் அவருடன் தொடர்புடைய இடங்களிலும் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அதில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட தாள் ஒன்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2,24,145 வாக்காளர்கள், தலைக்கு 4,000 ரூபாய், மொத்தம் 89 கோடியே 65 லட்சத்துச் சொச்சம், எந்த அமைச்சர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிரிவினை உட்பட அதில் இருந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். காவல்துறை பதிவு செய்த வழக்கும் பின்னர் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. ஆனால் தேர்தல் ஆணையம் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 9-ஆம் தேதி இரவு, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, தேர்தலையே ரத்து செய்தது.

அப்புறம் எட்டு மாதம். ஆகஸ்ட் 21-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன. தினகரன் வெளியே நின்றார். செப்டம்பரில் அவரை ஆதரித்த 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். நவம்பர் 23-ஆம் தேதி இரட்டை இலை ஆளும் தரப்புக்குத் திரும்பக் கிடைத்தது. டிசம்பர் 21-ஆம் தேதி வாக்குப்பதிவு, 24-ஆம் தேதி எண்ணிக்கை. பிரெஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 89,013. இரட்டை இலையில் மதுசூதனன் 48,306. மருது கணேஷ் 24,651, டெபாசிட் போனது. நோட்டா 2,373, பா.ஜ.க. 1,417.

இந்த எண்களோடு ஒப்பிட 2016-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அன்று முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா இதே தொகுதியில் தி.மு.க.வை வென்ற வித்தியாசம் 39,545. சுயேச்சை ஒருவர் அதைவிடக் கூடுதலாக, 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

வாக்காளரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விவரம். டிசம்பர் தேர்தலில் 59 வேட்பாளர்கள் இருந்தார்கள். ஒரு வாக்களிக்கும் கருவியில் 16 பொத்தான்தான் என்பதால், நோட்டாவையும் சேர்த்து நான்கு கருவிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. குக்கர் சின்னம் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்புதான் ஒதுக்கப்பட்டது. ஏப்ரலில் அதே ஆளைத் தொப்பியாகப் பார்த்துப் பழகிய மக்கள், நான்கு கருவிகளுக்கு நடுவே குக்கரைத் தேடி அழுத்தினார்கள். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இலையில் குத்துகிறவர்கள் என்று யாரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோமோ, அவர்களில் பெரும்பகுதி இலையைப் பார்த்தும் தாண்டிப் போனது. பழக்கத்தில் வாக்களிக்கிறவர் இப்படிச் செய்யமாட்டார்.

ஊரைச் சுற்றி இருந்த வெற்றிடம்

ஆர்.கே.நகர் வட சென்னையின் உழைக்கும் மக்கள் தொகுதி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேட்டை ஒட்டிய மீனவர் பகுதி. குடிநீரில் கழிவுநீர் கலப்பது, மூடியே கிடக்கும் ரயில்வே கேட், குப்பைமேட்டுப் புகை, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். தேர்தலுக்குத் தேர்தல் அதே பட்டியல். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதில் மீனவர் பிழைப்பும் அடிவாங்கியிருந்தது.

இந்த நிலையில் அந்த மக்களுக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஆக, ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்ற சட்டம் இருந்தும், ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தெருவில் சாக்கடை பொங்கினால் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது.

தேர்தல் ஆய்வுகளில் இந்த வெற்றிடத்துக்கு யாரும் உரிய இடம் தருவதில்லை என்பது என் வருத்தம். பிரதிநிதி என்பவர் என்ன செய்வார் என்பதைப் பார்த்து அனுபவித்தால்தானே அவரை எடைபோட முடியும்? அந்த அனுபவமே இல்லாத இடத்தில், வாக்காளர் எடைபோடக் கையில் மிஞ்சுவது பிரச்சார நாட்களில் தெரிகிற குணங்கள் மட்டும்தான். யார் நேரில் வருகிறார், யார் தைரியமாக எதிர்க்கிறார், யார் சொன்னால் அதிகாரி கேட்பார், யார் கை தாராளம். கிடைத்த தகவலை வைத்து அவர் செய்த கணக்கு மோசமில்லை. தகவல்தான் மோசம்.

நாளுக்கு மூன்று ரூபாய் என்ற வாதம்

ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள் என்று பிரச்சாரம் செய்பவர்கள் ஒரு வகுத்தலைச் சொல்வார்கள். 4,000 ரூபாயை மிச்சமிருக்கும் பதவிக்கால நாட்களால் வகுத்துப் பார், நாளுக்கு மூன்று ரூபாய்கூட வராது, உன் உரிமை அவ்வளவுதானா என்று கேட்பார்கள். 2017 ஏப்ரலிலிருந்து 2021 மே வரை எண்ணினால் கணக்கு சரிதான். ஆனால் இந்த வாதம் எடுபடுவதில்லை. ஏன் என்பது வாக்காளரின் இடத்தில் நின்றால் உடனே புரியும்.

பணத்தை மறுத்தால் தனக்கு வேறென்ன கிடைக்கும் என்பதற்கு அந்த வகுத்தலில் பதிலே இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால், 4,000-ஐ அதோடு ஒப்பிடலாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழாயில் வருவது அதே தண்ணீர்தான் என்று ஒருவர் நம்பினால், ஒப்பீடு 4,000-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நடக்கிறது. அங்கே வாங்குவதே புத்திசாலித்தனம். ஒழுக்கம் பேசி இந்தக் கணக்கைத் தோற்கடிக்க முடியாது. அந்த நம்பிக்கை உண்மைதானா என்று சோதித்தால்தான் முடியும்.

டிசம்பரில் பேசப்பட்ட 20 ரூபாய் நோட்டு விவகாரம் இன்னும் நுணுக்கமானது. ஏப்ரல் ரத்துக்குப் பிறகு பறக்கும் படைகளும் மத்தியப் பார்வையாளர்களும் தொகுதியில் நிறைந்திருந்தார்கள். ஆளுங்கட்சித் தரப்பு ரொக்கமாகவே கொடுத்ததாகப் புகார் கிளம்பியது. தினகரன் தரப்பு 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்து, ஜெயித்த பிறகு அதன் எண்ணைப் பார்த்து 10,000 ரூபாய் தருவதாகச் சொன்னதாகப் புகார் வந்தது. அதை அவர் மறுத்தார். நீதிமன்றத்தில் நிறுவப்படாத குற்றச்சாட்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டே, அப்படி ஒரு ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்று மட்டும் பார்க்கலாம்.

கையில் காசு கொடுத்தால், வாங்கியவர் ரகசிய வாக்குச்சீட்டின் மறைவில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கொடுத்தவருக்கு எந்தப் பிடியும் இல்லை. அதனால்தான் சாமி படத்தின் மேலும் பால் மேலும் சத்தியம் வாங்கும் வழக்கமெல்லாம். ஜெயித்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டால் சத்தியமே தேவையில்லை. வாங்கியவர் ஜெயிக்க வைக்க முனைவார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசுவார். ஒவ்வொரு டோக்கனும் சம்பளமில்லாத ஒரு பூத் ஏஜென்டை உருவாக்கும்.

இப்படி ஒரு டோக்கன் யார் கையிலாவது வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஜெயித்த பிறகு தரவில்லை என்றால் நான் யாரிடம் போவேன்? காவல் நிலையத்துக்குப் போக முடியாது. லஞ்சம் வாங்குவதும் கொடுப்பதைப் போலவே குற்றம், ஓராண்டு வரை சிறை என்பது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. எழுத்தில் இல்லாத, கேட்கவே முடியாத ஒரு வாக்குறுதியை நம்பினால் நம்பியவர்தான் முழு நஷ்டத்தையும் ஏற்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஏலச்சீட்டில் சேரும்போது கேட்கிற கேள்வியை, ஓட்டு விஷயத்தில் கேட்கத் தயங்குகிறோம்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வந்த வீடியோ

இந்த நிகழ்வில் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய துண்டு இதுதான். டிசம்பர் 20-ஆம் தேதி காலை, தினகரன் ஆதரவாளரான பி. வெற்றிவேல் ஒரு வீடியோவை வெளியிட்டார். மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா சாய்ந்திருக்கிறார், கையில் ஒரு குவளை, உறிஞ்சுகுழலால் எதையோ குடிக்கிறார், பார்வை தொலைக்காட்சிப் பக்கம். சில நொடிகள். அன்று தமிழ்நாட்டில் அதைப் பார்க்காத போன் இருந்திருக்காது. தேர்தல் ஆணையம் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னது, வழக்கும் பதிவானது. அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பார்த்தவர் நெஞ்சு கனத்திருக்கும், அதில் தப்பே இல்லை. 75 நாள் மருத்துவமனையில் இருந்து, ஒரு படம்கூட வெளிவராமல் மறைந்த தலைவர். அந்த மக்கள் அவரை இரண்டு முறை தங்கள் பிரதிநிதியாக்கியவர்கள், ஒரு முறை ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில். ஆனால் அந்த வீடியோ எதை நிரூபித்தது? சிகிச்சையின்போது ஏதோ ஒரு நாளில் அவர் நினைவோடு இருந்தார் என்பதை. எந்த நாள் என்று அதில் இல்லை. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று இல்லை. யார் தவறு செய்தார், யார் செய்யவில்லை என்பதற்கு அதில் ஆதாரம் எதுவும் கிடையாது. தொகுதிக்கு யார் நல்ல பிரதிநிதி என்பதற்கோ சுத்தமாக எதுவும் கிடையாது.

இன்னொன்று. அவர் மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் 2017 செப்டம்பரிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. வீடியோ ஆதாரம் என்றால் அது போக வேண்டிய இடம் ஏற்கெனவே இருந்தது. மூன்று மாதம் கையில் வைத்திருந்துவிட்டு, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வெளியிட்டால், அது யாருக்காக எடுத்து வைக்கப்பட்டது என்று தேதியே சொல்லிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், இன்றைக்கு ஏன் வருகிறது என்று கேட்கிற பழக்கம் இருந்தால், வாட்ஸ்அப்பில் வருகிற பாதிச் செய்திகளின் பலம் அங்கேயே குறைந்துவிடும்.

இதில் ஒரு தரப்பை மட்டும் சொன்னால் நியாயமாகாது. ஏப்ரல் பிரச்சாரத்தில் எதிரே நின்ற பன்னீர்செல்வம் அணி, ஜெயலலிதாவின் உடல் போன்ற பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து வாகனத்தில் வீதி வீதியாகக் கொண்டுபோனது. மரணத்தில் மர்மம் என்று கண்ணீரோடு கேட்டது. ஐந்து மாதத்துக்குள் அந்த அணி, தான் யாரைக் குற்றம் சாட்டியதோ அந்த அரசிலேயே பங்காளியானது.

எல்லாரும் ஒண்ணுதான்

ஏப்ரலில் தினகரனுக்கு ஓட்டுக் கேட்டு வந்த அதே அமைச்சர்கள், டிசம்பரில் தினகரனை எதிர்த்து மதுசூதனனுக்கு ஓட்டுக் கேட்டு அதே தெருக்களுக்கு வந்தார்கள். ஏப்ரலில் அவர்கள் யாரைத் துரோகி என்றார்களோ அவர்தான் இப்போது வேட்பாளர். வீட்டு வாசலில் நின்று இதைப் பார்த்த ஒரு பெண், எல்லாரும் ஒண்ணுதான் என்று சொன்னால் அவரை விவரம் தெரியாதவர் என்று யார் சொல்ல முடியும்? கண்ணால் கண்ட சாட்சியை வைத்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

ஆனாலும் அந்த வாக்கியத்தில்தான் யோசனை நின்றுபோகிறது என்று நினைக்கிறேன். கேட்பதற்கு அது கூர்மையான சந்தேகம் போல இருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவர் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டும். எல்லாரும் ஒன்று என்று சொன்னதும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. நான்கு கருவிகளில் தேடிச் சின்னத்தைக் கண்டுபிடிக்கிற கூர்மை, இரண்டு வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தை அருகருகே வைத்துப் பார்க்கும் வரை போவதில்லை. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும், ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்பதற்கும் அவைக்குறிப்பு இருக்கிறது. யாரும் அதைத் தெருவுக்குக் கொண்டுவருவதில்லை. கட்சிகள் கொண்டுவராது என்பது தெரிந்ததே. ஊடகங்களும் அன்று கொண்டுவரவில்லை. பட்டுவாடா படங்களுக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ரயில்வே கேட் யார் பொறுப்பு, குடிநீர் வாரியம் யார் பொறுப்பு என்ற பேச்சுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பயத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஓட்டு ரகசியம் என்று நாம் சொல்கிறோம். தனி மனிதரின் ஓட்டு ரகசியம்தான். ஆனால் எண்ணிக்கை வாக்குச்சாவடி வாரியாக நடக்கிறது, படிவம் 20-இல் ஒவ்வொரு சாவடிக்கும் யாருக்கு எத்தனை என்று வெளியாகிறது. ஒரு சாவடி என்றால் சில தெருக்கள், அவ்வளவுதான். எந்தத் தெரு கைவிட்டது என்று தோற்றவருக்கும் தெரியும், வென்றவருக்கும் தெரியும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. தன் தெரு கவனிக்கப்படுகிறது என்று நினைக்கும் வாக்காளரிடம் சுதந்திரமாக யோசி என்று சொல்வதற்கு முன், இதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

ரத்து செய்ததால் என்ன மாறியது

2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ரத்தானது. நாட்டிலேயே சட்டமன்றத் தேர்தலில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. நவம்பரில் மறுபடி நடந்தபோது பெரிய கட்சிகளின் அதே வேட்பாளர்கள் திரும்ப நின்றார்கள். ஆர்.கே.நகரிலும் அதேதான். ஏப்ரலில் நின்ற மூன்று முக்கிய வேட்பாளர்களும் டிசம்பரில் அப்படியே நின்றார்கள். 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தல் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. ரத்து செய்வது யாரையும் தண்டிக்கவில்லை. தொகுதி மக்கள்தான் பிரதிநிதி இல்லாமல் காத்திருந்தார்கள். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்ற பிரிவு இருக்கிறது. லஞ்சத்துக்கும் அதே போல 58பி என்று ஒரு பிரிவு வேண்டும் என்று ஆணையம் கேட்டது. அது சட்டமாகவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் தினகரன் ஆர்.கே.நகருக்குத் திரும்பவில்லை. கோவில்பட்டியில் நின்று தோற்றார். ஆர்.கே.நகரில் 2017-இல் டெபாசிட் இழந்த தி.மு.க., இந்த முறை 40,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றது. மூன்றரை வருடத்துக்கு முன் 89,013 வாக்கு கொடுத்த தொகுதி, தினகரனின் கட்சி நிறுத்திய வேட்பாளரைப் பொருட்படுத்தவே இல்லை. விலைக்கு வாங்கப்பட்டதாக நாம் எழுதிய வாக்காளர், அடுத்த தேர்தலில் யாருக்கும் கட்டுப்படாமல் நகர்ந்துவிட்டார். இடைத்தேர்தலில் ஆட்சிக்கு ஒரு அடி கொடுக்க நினைத்தவர், பொதுத்தேர்தலில் ஆட்சி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு தேர்தலிலும் அவர் கேள்வி வேறு, பதிலும் வேறு. என் தொகுதிக்காக இந்த உறுப்பினர் அவையில் என்ன கேட்டார் என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் வரவே இல்லை.